மருத்துவர் மேற்பார்வையில் எடைக் குறைப்பு: நாற்பதைக் கடந்த ஆண்கள் எங்கிருந்து தொடங்குவது?

கெடிலக்கரையான் | 2025 ஆகஸ்டு 3, இரவு 9.40

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 44. கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் மூன்று ஷிப்டும் மாறி மாறிப் பார்க்கிறேன். உயரம் 169 செ.மீ., எடை 96 கிலோ. சர்க்கரை நோய் வந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. அதற்கு மெட்பார்மினும் கிளிமெபிரைடும், இரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் சாப்பிடுகிறேன். சென்ற மாதம் எடுத்த மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1.சி.) 8.1. வயிற்று ஸ்கேனில் ஈரலில் இரண்டாம் நிலைக் கொழுப்பு என்று எழுதியிருக்கிறார்கள்.

எடையைப் பற்றி நான் இதுவரை கவலைப்பட்டதே இல்லை. எங்கள் குடும்பத்தில் ஆண்கள் நாற்பதுக்கு மேல் வயிறு வைப்பதை வசதியின் அடையாளமாகவே பார்த்தார்கள். மாப்பிள்ளைக்கு உடம்பு பிடித்திருக்கிறது என்று மாமியார் சொன்னால் வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் சென்ற வாரம் ஆலையில் தொட்டியின் ஏணியில் ஏறி இறங்கியபின் நான் மூச்சு வாங்கியதைப் பார்த்த மேற்பார்வையாளர், இந்த ஆண்டு உயரத்தில் வேலை செய்வதற்கான உடல்தகுதிச் சான்று எனக்குக் கிடைப்பது கடினம் என்று சொன்னார். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

எனக்கு மூன்று வழிகள் தெரிகின்றன. புதுச்சேரியில் உள்ள ஓர் எடைக் குறைப்பு மையம் மூன்று மாதத்துக்கு 45,000 ரூபாய் கேட்கிறது. உடன் வேலை செய்யும் நண்பர் ஒருவர் மருந்துக் கடையில் வாரம் ஒரு ஊசி வாங்கிப் போட்டுக்கொண்டு ஏழு கிலோ குறைந்திருக்கிறார். மூன்றாவது, வழக்கமாகப் பார்க்கும் மருத்துவரிடமே எடையைக் குறைக்க வேண்டும் என்று வெளிப்படையாகக் கேட்பது. மூன்றாவதைச் செய்யத்தான் கூச்சமாக இருக்கிறது. அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

முத்தியால்பேட்டை நடையர் | ஆகஸ்டு 4, காலை 6.55

தம்பி, இவற்றில் எதற்கும் பணம் செலவழிக்க வேண்டாம் என்பது என் கருத்து. புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையிலிருந்து மறுநாள் காலை வரை வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் தூரம் கடல்காற்றில் யாரும் இடிக்காமல் நடக்கலாம். உங்களுக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரை இருக்கிறது. நான் 68 வயதிலும் தினம் மூன்று சுற்று நடக்கிறேன், ஒரு மாத்திரைகூட இல்லை. சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், சர்க்கரையின் விளிம்பில் இருந்தவர்களுக்கு உணவையும் நடையையும் மட்டும் ஒழுங்குபடுத்தியே நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது. அந்த ஆய்வில் எடை பெரிதாகக் குறையவும் இல்லை. அப்படியிருக்க, எடையின் பின்னால் ஏன் ஓட வேண்டும்?

வில்லியனூரான் | ஆகஸ்டு 4, மாலை 7.15

பெரியவர் சொன்ன அதே கடற்கரைச் சாலையில்தான் நான் 2022-இல் காந்தி சிலைக்கு அருகே மயங்கி உட்கார்ந்தேன். அதனால் என் கதையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அப்போது எனக்கு 47 வயது, 102 கிலோ. நீங்கள் சொல்வது போன்ற ஒரு மையத்தில் சேர்ந்தேன், பெயர் வேண்டாம். வெள்ளைக் கோட்டு அணிந்தவர்கள் இருந்தார்கள், ஆனால் அவர்களில் ஒருவர்கூட மருத்துவர் இல்லை என்பது பின்னர்தான் தெரிந்தது. ஒரு கருவியின்மேல் நிற்கவைத்து, உங்கள் உடலின் வயது 61 என்று அச்சிட்ட தாளைக் கொடுத்தார்கள். அந்தத் தாள் தந்த பயத்தில் பணத்தைக் கட்டிவிட்டேன். காலையும் இரவும் தண்ணீரில் கலக்கிக் குடிக்கும் பவுடர், மதியம் ஒரு கிண்ணம் காய், இரண்டு முட்டை. நாள் முழுவதற்கும் 800 கலோரிகூட வந்திருக்காது. சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறேன் என்று படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தேன். அதை யாரும் படிக்கவில்லை, மாத்திரையைப் பற்றி யாரும் கேட்கவும் இல்லை.

எட்டாம் நாள் காலை நடந்துகொண்டிருந்தபோது திடீரென வியர்த்துக் கொட்டியது, கைகள் நடுங்கின, எதிரே வந்தவரின் முகம் இரண்டாகத் தெரிந்தது. அங்கே தேநீர் விற்பவர் என்னைப் பார்த்ததும் ஒரு பிடி சர்க்கரையை வாயில் போட்டுத் தேநீரையும் கொடுத்தார். அவருடைய அம்மாவுக்கும் சர்க்கரை நோய் என்றார். மருத்துவமனையில் பார்த்தபோது, அந்தச் சர்க்கரையையும் தின்ற பிறகு அளவு 58. காரணம் எளியது: கிளிமெபிரைடு, நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தைப் பிழிந்து இன்சுலினை வெளியேற்றும் மருந்து. உணவைப் பாதியாக்கிவிட்டு மாத்திரையை முழுதாக விழுங்கினேன். நீங்களும் அதே மாத்திரைதான் சாப்பிடுகிறீர்கள் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பிறகு ஒரு பொதுமருத்துவரிடமும் அவர் அனுப்பிய உணவியல் நிபுணரிடமும் சென்று 14 மாதத்தில் 17 கிலோ குறைத்தேன். அந்த மையம் கேட்ட தொகையில் பாதிகூடச் செலவாகவில்லை.

மருந்துக்கடை முப்பதாண்டு | ஆகஸ்டு 5, மதியம் 2.30

நான் மஞ்சக்குப்பம் பகுதியில் மருந்தாளுநராக இருக்கிறேன். வாரம் ஒருமுறை போடும் எடைக் குறைப்பு ஊசிகளில், இந்த ஆண்டு மார்ச்சில் டிர்செபடைடு மவுன்ஜாரோ என்ற பெயரிலும், ஜூனில் செமாகுளூடைடு வெகோவி என்ற பெயரிலும் இந்தியச் சந்தைக்கு வந்தன. அதிலிருந்து வாரத்துக்கு நான்கைந்து பேராவது கடைக்கு வந்து, தொப்பை குறைக்கும் ஊசி இருக்கிறதா என்று கேட்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் ஆண்கள், பெரும்பாலோரிடம் மருத்துவரின் சீட்டு இல்லை. நான் கொடுப்பதில்லை. கொடுப்பவர்களும் ஊரில் இருக்கிறார்கள். உங்கள் நண்பர் வாங்குவதிலிருந்தே அது தெரிகிறது.

சீட்டு ஏன் வேண்டும் என்று கோபப்படுபவர்களுக்கு நான் சொல்வது இதுதான். டிர்செபடைடை 2.5 மில்லிகிராமில் தொடங்கி, குறைந்தது நான்கு வாரம் உடல் பழகிய பிறகே 5-க்கு ஏற்ற வேண்டும். அதற்கு மேலும் அப்படியே படிப்படியாக. எடை சீக்கிரம் குறையட்டும் என்று நேராகப் பெரிய அளவைப் போட்டுக்கொண்ட ஒருவர் மூன்று நாள் வாந்தியெடுத்து, உடலில் நீர் வற்றி, உப்புநீர் ஏற்றிக்கொள்ள நேர்ந்தது. மருந்தை 2 முதல் 8 டிகிரிக்குள் வைத்திருக்க வேண்டும். உறைந்துவிட்டால் தூக்கி எறிய வேண்டும். விலையையும் சொல்லிவிடுகிறேன்: அறிமுகமானபோது 2.5 மில்லிகிராம் குப்பி 3,500 ரூபாய், 5 மில்லிகிராம் குப்பி 4,375 ரூபாய், வாரம் ஒன்று. மாதக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள். செமாகுளூடைடின் காப்புரிமை இங்கே 2026 மார்ச்சில் முடிகிறது; அதன்பின் விலை இறங்கும் என்று எங்கள் வட்டாரத்தில் எல்லோரும் காத்திருக்கிறார்கள்.

திருப்பாப்புலியூர் மருத்துவர் | ஆகஸ்டு 6, இரவு 10.20

பொதுமருத்துவராக இருபது ஆண்டுகளாக இந்த ஊரில் இருக்கிறேன். நேரில் பார்க்காத எவருக்கும் மருந்தின் அளவு சொல்ல மாட்டேன். ஆனால் மேற்பார்வை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை எழுதலாம், ஏனெனில் பலரும் அதை ஊசிக்கான சீட்டு என்றே எண்ணிக்கொண்டிருக்கிறார்கள்.

கெடிலக்கரையான் அவர்களே, உங்கள் உயரத்துக்கும் எடைக்கும் பி.எம்.ஐ. என்னும் உடல் நிறைக் குறியீடு 33.6 வருகிறது. இந்தியர்களுக்கு 23-லேயே அதிக எடை, 25-லேயே உடல்பருமன் என்று கணக்கிடுகிறோம். மேலைநாட்டு வரம்பு 30. நம்மவர்களுக்கு மெலிந்த கைகால்களும் வயிற்றுக்குள் ஒளிந்த கொழுப்பும் சேர்ந்தே வருவதுதான் இந்த வேறுபாட்டுக்குக் காரணம். புனேயின் டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனின் டாக்டர் யுட்கினும் 2004-இல் தங்கள் இருவரையுமே அளந்து வெளியிட்ட படம் ஒன்று எங்கள் துறையில் புகழ்பெற்றது: இருவருக்கும் பி.எம்.ஐ. ஒரே 22.3, ஆனால் உடல் கொழுப்பு வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. ஆகையால் எடைக்கருவியைவிட இடுப்பை அளக்கும் நாடாவை நான் அதிகம் நம்புகிறேன். ஆண்களுக்கு 90 செ.மீ. வரம்பு. அதைக் கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவே அளக்க வேண்டும். எனக்கு முப்பத்தாறு பேன்ட்தான் டாக்டர் என்று வாதிடும் ஆண்களை வாரந்தோறும் பார்க்கிறேன். அந்த பேன்ட் தொப்பைக்குக் கீழே கட்டப்பட்டிருக்கிறது. 2023-இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடளாவிய ஆய்வில், வயிற்றுப் பருமன் மிக அதிகமாக இருந்த இடம் புதுச்சேரி, 61.2 சதவீதம். நமக்கு இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளி நடக்கும் கதை என்று கடலூர்க்காரர்கள் ஆறுதல் கொள்ள வேண்டாம்.

மேற்பார்வையின் முதல் வேலை, எதைக் கொடுப்பது என்பதைவிட எதைக் குறைப்பது என்று முடிவு செய்வது. வில்லியனூர் நண்பருக்கு நேர்ந்தது அதுதான். பிரிட்டனில் டைரக்ட் என்ற ஆய்வு நடந்தது. முதல் ஆண்டு முடிவுகள் 2017-இல் வெளிவந்தன. சர்க்கரை வந்து ஆறு ஆண்டுக்குள், இன்சுலின் போடாதவர்களுக்கு, மூன்று முதல் ஐந்து மாதம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 850 கலோரி மட்டுமே கொடுத்தார்கள். ஆனால் முதல் நாளிலேயே சர்க்கரை மாத்திரைகளையும் அழுத்த மாத்திரைகளையும் நிறுத்திவிட்டு, செவிலியரும் உணவியலாளரும் தொடர்ந்து கண்காணித்தார்கள். ஓராண்டின் முடிவில் 46 சதவீதத்தினர் மாத்திரையில்லாமலே சர்க்கரை நோயின் அளவுக்குக் கீழே இருந்தார்கள். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் அது 86 சதவீதம். பவுடர் அங்கேயும் கொடுக்கப்பட்டது, அந்த மையத்திலும் கொடுக்கப்பட்டது. மாத்திரையைத் தொட்டவர் யார் என்பதில்தான் வேறுபாடு. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். புதிய வகைச் சர்க்கரை மாத்திரையான டாபாகிளிபுளோசினைச் சாப்பிடுபவர்கள் சோற்றை அடியோடு விட்டுப் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் அமிலம் ஏறும் ஆபத்தும் உண்டு. அப்போது சர்க்கரை அளவு பெரிதாக ஏறாமலேகூட இருக்கும் என்பதால் கண்டுபிடிப்பது தாமதமாகும்.

இரத்த அழுத்த மாத்திரைக்கும் இதே கணக்குத்தான். ஐந்து கிலோ குறைந்ததும் எழுந்து நிற்கும்போது தலைசுற்றும். ஏணி ஏறுகிற தொழிலில் இருப்பவருக்கு அது சிறிய விஷயம் இல்லை.

இரண்டாவது, தசை. குறையும் எடையில் கால் பங்கோ அதற்கு மேலோ கொழுப்பாக இல்லாமல் தசையாகப் போகக்கூடும். கன்னம் ஒட்டி, தோள் சரிந்து, உனக்கு என்ன நோய் என்று ஊரார் கேட்கும் நிலையில் பல ஆண்கள் முயற்சியை விட்டுவிடுகிறார்கள். அதைத் தடுக்கப் புரதமும் எடை தூக்கும் பயிற்சியும் வேண்டும். சிறுநீரகம் நன்றாக இருக்கிறதா என்று கிரியேட்டினின் பார்த்த பின், எட்ட வேண்டிய எடைக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 கிராம் புரதம் என்று நான் தொடங்குவேன். முட்டை ஒன்றில் 6 கிராம், நூறு கிராம் மீனில் ஏறத்தாழ 20 கிராம். முதுநகர்த் துறைமுகத்தில் காணாங்கெளுத்தியும் மத்தியும் கிடைக்கும் ஊரில் புரத டப்பாவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. குழம்பாக வையுங்கள், வறுக்காதீர்கள்.

மூன்றாவதைச் சொல்லவும் கேட்கவும் யாரும் விரும்புவதில்லை. 180 மி.லி. மதுவில், 42.8 சதவீதம் என்று கணக்கிட்டால், ஆல்கஹால் மட்டும் 60 கிராமுக்கு மேல். கிராமுக்கு 7 கலோரி வீதம் 425 கலோரி. தொட்டுக்கொள்ளும் சிக்கன் இதில் சேரவில்லை. வாரம் இரண்டு நாள்தான் டாக்டர் என்பவரின் கணக்கில் அது ஒரு நாள் உணவில் பாதி. கிளிமெபிரைடு சாப்பிட்டுவிட்டு, சோறில்லாமல் குடித்துவிட்டுத் தூங்குபவருக்கு இரவில் சர்க்கரை இறங்குவது வேறு.

பெரியவர் நடையருக்கு ஒரு வார்த்தை. நீங்கள் குறிப்பிட்ட ஆய்வு உண்மை, நல்ல ஆய்வு. ஆனால் அது சர்க்கரை வருவதற்கு முன் நிற்பவர்களுக்கானது. இவருக்கு வந்து ஆறு ஆண்டு ஆகிறது. ஈரலிலும் கொழுப்பு ஏறிவிட்டது. ஈரல் கொழுப்பு இறங்க 5 சதவீத எடையாவது குறைய வேண்டும், ஈரல் அழற்சி தணிய 7 முதல் 10 வரை தேவைப்படும்.

முத்தியால்பேட்டை நடையர் | ஆகஸ்டு 7, காலை 7.05

மருத்துவர் சொன்ன வேறுபாட்டை ஏற்றுக்கொள்கிறேன். முன்நிற்பவர், வந்தவர் என்ற பிரிவை நான் கவனிக்காமல் எழுதிவிட்டேன். இருந்தாலும் ஊசியைப் பற்றிய என் ஐயம் தீரவில்லை: நிறுத்தினால் எடை திரும்ப ஏறிவிடும் என்கிறார்களே, அப்படியானால் சாகும்வரை போட வேண்டுமா?

வில்லை அக்கா | ஆகஸ்டு 7, மதியம் 12.10

ஆண்கள் பேசும் இழையில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். என் கணவருக்கு 50 வயது, 98 கிலோ. அவருடைய குறட்டையை நாங்கள் பத்தாண்டுகளாகக் கேலி செய்துகொண்டிருந்தோம். சென்ற ஆண்டு ஓர் இரவு குறட்டை நின்று, மூச்சும் நின்று, பிறகு திடுக்கிட்டு எழுந்ததை நானே எண்ணிப் பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஆறு முறை. பகலில் வண்டி ஓட்டிக்கொண்டே கண்ணயர்வார். தூக்கப் பரிசோதனையில் உறக்க மூச்சுத்தடை மிக அதிகம் என்று வந்தது. இப்போது முகமூடிக் கருவியோடு தூங்குகிறார், எடையும் ஒன்பது கிலோ குறைந்திருக்கிறது. நைட் ஷிப்டு பார்க்கும் தம்பி, பகலில் வரும் தூக்கத்தையெல்லாம் ஷிப்டின் மேல் போட்டுவிடாதீர்கள். உங்களுக்கு மூச்சு நிற்கிறதா என்பது உங்களுக்குத் தெரியாது. உங்கள் மனைவியைக் கேளுங்கள்.

உப்பளம் ஜிம் | ஆகஸ்டு 7, இரவு 11.30

எனக்கு 31 வயது, 91 கிலோ, திருமணமாகி இரண்டு ஆண்டுகள். சோர்வாக இருக்கிறது என்று பரிசோதனை செய்ததில் டெஸ்டோஸ்டிரோன் குறைவாக வந்தது. ஜிம்மில் பயிற்சியாளர் ஊசி போட்டால் கொழுப்பு கரைந்து தசை ஏறும் என்கிறார். மருத்துவர் ஐயா, இதையும் எடைக் குறைப்புச் சிகிச்சையாகக் கொள்ளலாமா?

திருப்பாப்புலியூர் மருத்துவர் | ஆகஸ்டு 8, காலை 6.30

தம்பி, வேண்டாம். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் போனால் மூளையிலிருந்து விரைக்குப் போகும் கட்டளை நின்று, விந்தணு உற்பத்தி குறையும். சிலருக்கு முற்றிலும் நிற்கும். குழந்தைக்காகக் காத்திருப்பவர் அதைத் தொடவே கூடாது. வயிற்றுக் கொழுப்பு ஆண் ஹார்மோனைப் பெண் ஹார்மோனாக மாற்றுகிறது. ஹார்மோனைச் சுமந்து செல்லும் புரதமும் பருமனில் குறைவதால் மொத்த அளவு உண்மையைவிடத் தாழ்வாகத் தெரியும். காலை வேளையில், வெறும் வயிற்றில், இரண்டு முறை எடுத்துப் பார்த்துவிட்டு அகச்சுரப்பியல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஜிப்மரில் அதற்குத் தனித் துறையே இருக்கிறது. பலருக்கு எடை குறையும்போது ஹார்மோன் தானாக ஏறுகிறது. பயிற்சியாளரிடம் எடை தூக்கக் கற்றுக்கொள்ளுங்கள், அது அவருக்குத் தெரிந்த வேலை.

நடையர் ஐயாவுக்கு: நீங்கள் கேட்டது சரியான கேள்வி. செமாகுளூடைடு ஆய்வில், 2021-இல் வெளிவந்தது, 68 வாரத்தில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களுக்கு 2.4. டிர்செபடைடின் 15 மில்லிகிராம் அளவில் 72 வாரத்தில் 20.9 சதவீதம். அதே செமாகுளூடைடு ஆய்வில் மருந்தை நிறுத்தியவர்களை ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பியிருந்தது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்தினால் அழுத்தம் ஏறுவதைப் போலத்தான் இதுவும். ஆகவே தொடங்கும்போதே இரண்டு மூன்று ஆண்டுகளுக்குக் கையில் பணம் உண்டா என்று கேட்கிறேன். இல்லையென்றால் ஊசியை முதல் படியாக வைக்க மாட்டேன். குடும்பத்தில் மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்தவர்களுக்கும், கணைய அழற்சி வந்தவர்களுக்கும் கொடுக்க மாட்டேன். எந்த வழியானாலும் வேகமாக எடை குறைந்தால் பித்தப்பையில் கல் சேரலாம். ஊசி போடுபவர்களுக்கு அந்த வாய்ப்பு இன்னும் கூடுதல். நெடுநாள் சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு சட்டென்று இறங்கினால் விழித்திரைப் பாதிப்பு மோசமாகக்கூடும் என்பதால் கண்ணைப் பார்த்துவிட்டுத்தான் தொடங்குவேன். தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை நம் சாலையிலேயே இருக்கிறது.

நெய்வேலி ஐந்தாம் வட்டம் | ஆகஸ்டு 10, மாலை 5.45

அறுவை சிகிச்சையைப் பற்றி யாரும் எழுதவில்லை. 2019-இல் என் பி.எம்.ஐ. 43. முழங்கால் போய்விட்டது, இன்சுலின் 60 யூனிட். இரைப்பையில் ஏறத்தாழ 80 சதவீதத்தை வெட்டி எடுத்துக் குழாய்போல் ஆக்கும் சிகிச்சை செய்துகொண்டேன். 38 கிலோ குறைந்தது, ஆறு கிலோ திரும்பியது, இன்சுலின் இல்லை. பி12, இரும்பு, வைட்டமின் டி ஆகியவற்றை வாழ்நாள் முழுவதும் கவனிக்க வேண்டும். கல்யாண விருந்தில் இலையில் பாதிக்கு மேல் மிச்சம் வைக்க வேண்டியிருப்பதால், சமையலைப் பிடிக்கவில்லையோ என்று சம்பந்தி வீட்டார் மனம் வருந்துவதுதான் இன்றுவரை எனக்குத் தீராத சங்கடம். கெடிலக்கரையானுக்கு இது உடனே தேவைப்படும் என்று தோன்றவில்லை; ஆனால் கடைசிப் புகலிடம் என்று பயந்து பத்தாண்டு தள்ளிப் போட்டது என் தவறு.

கெடிலக்கரையான் | ஆகஸ்டு 24, இரவு 8.15

கூச்சத்தை விட்டு என் மருத்துவரிடம் கேட்டுவிட்டேன். எடையைக் குறைக்க வேண்டும் என்று நான் சொன்னதும் அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, ஆறு வருடமாக இந்த வாக்கியத்துக்காகக் காத்திருக்கிறேன் என்றார். நீங்களே சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். முதல் வருடம் சொன்னேன், அதன்பின் எட்டு மாதம் நீங்கள் வரவே இல்லை என்றார். உண்மைதான்.

கிளிமெபிரைடைப் பாதியாக்கியிருக்கிறார், வீட்டில் குளுக்கோமீட்டர் வாங்கச் சொன்னார், அளவு 70-க்குக் கீழே போனால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரை. கண், கிரியேட்டினின், தைராய்டு, ஈரலுக்கான இரத்தப் பரிசோதனைகள் எல்லாம் முடிந்தன. இடுப்பு 109 செ.மீ. நானும் பேன்ட் அளவைச் சொல்லி வாதிட்டவன்தான் என்பதை ஒப்புக்கொள்கிறேன். உணவியல் நிபுணர் நாளுக்கு 1,700 கலோரி போட்டுக் கொடுத்தார். மூன்று கரண்டிச் சோறு ஒன்றரையாகியது, பொரியல் இரண்டு பங்காகியது; வடையும் மாலை பஜ்ஜியும் போயின.

சிக்கல் நைட் ஷிப்டில் இருக்கிறது. இரவு ஒரு மணிக்குக் கேன்டீனில் பரோட்டாவும் சால்னாவும் தவிர வேறெதுவும் கிடைப்பதில்லை. மற்றவர்கள் சாப்பிடும்போது ஒருவன் டப்பாவைத் திறந்தால், பத்தியமா என்று கேட்கிறார்கள். ஷிப்டு பார்ப்பவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

வில்லியனூரான் | ஆகஸ்டு 24, இரவு 9.50

நான் நூற்பாலையில் இருந்தவன். மாலை ஏழு மணிக்கு வீட்டிலேயே முழு உணவை முடித்துவிட்டுக் கிளம்புங்கள். ஒரு மணிக்குக் கொண்டைக்கடலைச் சுண்டல் ஒரு கிண்ணம், அவித்த முட்டை இரண்டு, மோர். காலையில் வீடு திரும்பியதும் இட்லியைத் தின்றுவிட்டுப் படுக்கும் பழக்கத்தை இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். நான் சுண்டலைக் கொஞ்சம் அதிகமாகக் கொண்டுபோய்ப் பக்கத்தில் இருப்பவருக்கும் கொடுத்தேன். ஒரு மாதத்தில் எங்கள் மேசையில் நான்கு டப்பாக்கள் வந்துவிட்டன. ஷிப்டு மாறும் வாரத்தில் மாத்திரை நேரமும் மாறும் என்பதை மறக்காமல் மருத்துவரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இது முக்கியம்.

மருந்துக்கடை முப்பதாண்டு | ஆகஸ்டு 25, காலை 10.05

குளுக்கோமீட்டர் பட்டையின் காலாவதித் தேதியைப் பாருங்கள். டப்பாவை ஆலையின் வெப்பத்தில் திறந்து வைக்காதீர்கள், அளவு தவறாகக் காட்டும்.

கெடிலக்கரையான் | அக்டோபர் 12, மாலை 6.20

பத்து வாரம் ஆகிறது. இன்று காலை 90.4 கிலோ, இடுப்பு 103. கிளிமெபிரைடு மூன்று வாரத்துக்கு முன் நிறுத்தப்பட்டது. மெட்பார்மினில் மட்டும் வெறும் வயிற்று அளவு 118-க்கும் 130-க்கும் இடையில் இருக்கிறது. ஒரு நாள் ஷிப்டு பேருந்திலிருந்து இறங்கும்போது தலைசுற்றியதால் டெல்மிசார்டனும் பாதியாகியிருக்கிறது. இடையில் தீபாவளிக்கு முந்தைய விருந்துகளில் ஒரு கிலோ ஏறி இறங்கியது. வில்லை அக்கா சொன்னபடி மனைவியைக் கேட்டேன். நான் தூங்கும்போது அவர் எண்ண முயன்று பயந்துபோய் என்னை எழுப்பிவிட்டாராம். வீட்டிலேயே செய்யும் தூக்கப் பரிசோதனைக்கு அடுத்த வாரம் கருவி தருகிறார்கள்.

ஊசியைப் பற்றிக் கேட்டேன். மூன்று மாதச் சராசரியை நவம்பரில் பார்ப்போம், அப்போதும் 7-க்கு மேலே இருந்து எடையும் நின்றுவிட்டால் பேசலாம், அதுவரை அந்தப் பணத்தைத் தனியாகச் சேர்த்து வையுங்கள் என்றார். சேர்க்கிறேன். ஏழு கிலோ குறைந்த என் நண்பர் விலை கட்டுப்படியாகாமல் செப்டம்பரில் ஊசியை நிறுத்திவிட்டார். அதற்குள் இரண்டு கிலோ திரும்பியிருக்கிறது. அவரையும் என் மருத்துவரிடம் அழைத்துப் போனேன். வரிசையில் எனக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டு, நான் உனக்குத் துணைக்குத்தான் வந்தேன் என்று மற்றவர்கள் காதில் விழும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

உயரத்தில் வேலை செய்யும் சான்றுக்கான பரிசோதனை இம்மாதம் 27-ஆம் தேதி.

முத்தியால்பேட்டை நடையர் | அக்டோபர் 13, காலை 6.40

நல்லது தம்பி. 27-ஆம் தேதி ஏணி ஏறும்முன் காலையில் சாப்பிட்டுவிட்டுப் போங்கள். என் செய்தி ஒன்றும் உண்டு: மருத்துவர் எழுதியதைப் படித்துவிட்டு இடுப்பை அளந்தேன், 97 செ.மீ. இருந்தது. மாத்திரை இல்லை என்று பெருமையாக எழுதியிருந்தேன். பரிசோதனையே செய்துகொண்டதில்லை என்பதை எழுதவில்லை. நாளைக் காலை வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்கப் போகிறேன், அதனால் கடற்கரைக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் வருவேன்.